டாங்கியில் வெள்ளை உரியவில்லை, இல்லை ஒரேயடியாக உரிந்துவிட்டது: பனிக்கால மாடல்களுக்குப் பிழை நீக்கும் வழிகள்

சிக்கல்களுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். 1941 டிசம்பரில் மாஸ்கோவுக்கு வெளியே உறைந்து நின்ற ஜெர்மன் டாங்கிகள்மேல் பனியில் மறைவதற்காகப் பூசியிருந்த வெள்ளையை முறையான பெயின்ட் என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் வேலையை ஆரம்பிக்கிறோம். அது பெரும்பாலும் சுண்ணாம்பு, சாக்பீஸ் பொடி மாதிரியான சரக்கு. தண்ணீரில் கரைத்து, பிரஷ், துடைப்பம், துணி என்று கையில் அகப்பட்டதை வைத்து, அந்த வண்டியை ஓட்டுகிறவர்களே பூசியது. அதுவும் கிடைக்காதபோது படுக்கை விரிப்பைப் போர்த்தியிருக்கிறார்கள். பொங்கலுக்கு முன் நம் வீட்டுச் சுவருக்கு அடித்த அதே சமாச்சாரம்தான், வஜ்ஜிரம் கலக்காமல் அடித்தால் சட்டையில் ஒட்டுமே, அது.

எங்கள் பழைய வீட்டுத் திண்ணைச் சுவரில் பாட்டி சாய்ந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. மாசி முடிவதற்குள் அங்கே சுண்ணாம்பு போய், முதுகு அகலத்துக்குப் பழைய காவி தெரியும், அதற்கு மேலே தலை படும் இடத்தில் எண்ணெய்க் கறை பழுப்பாக இறங்கியிருக்கும், ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் வெள்ளை அடித்தது அடித்தபடி இருக்கும். டாங்கியிலும் இப்படித்தான். கீழே சொல்லும் சிக்கல்களில் பாதி பெயின்ட் சம்பந்தப்பட்டவை, மீதிப் பாதி இந்தச் சுவரை மறந்ததால் வருபவை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கான 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல், ஹேர்ஸ்பிரே முறை. அடி நிறம், அதன்மேல் வார்னிஷ், அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதன்மேல் வெள்ளை அக்ரிலிக், பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்த்து உரிப்பது. வேறு முறையில் செய்கிறவர்களுக்கு ஆங்காங்கே சொல்கிறேன்.

வெள்ளை உரியவே மாட்டேன் என்கிறது

இதுதான் நிறையப் பேருக்கு வருவது. தண்ணீர் தொட்டு அரை மணி நேரம் தேய்த்தும் டாங்கி புது ஃபிரிட்ஜ் மாதிரியே நிற்கும். மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, நேரம். ஹேர்ஸ்பிரே என்பது தண்ணீரில் இளகும் ஒரு பிசின், மேலே போட்ட வெள்ளை நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டால்தான் அது இளகும். வெள்ளை நன்றாகக் காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீர் போக வழியில்லை. வெள்ளை அடித்து அரை மணி நேரத்தில் தேய்க்க ஆரம்பித்து, அன்றைக்கே முடித்துவிடுங்கள். இரவு அடித்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தீர்களானால் காலையில் அழவேண்டியதுதான். நான் டி-34 என்ற சோவியத் டாங்கியின் மாடல் ஒன்றை இப்படி இரண்டு நாள் விட்டுவிட்டு, பிறகு பல் பிரஷ்ஷால் ஆத்திரத்தோடு தேய்த்ததில் டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூடு) பக்கவாட்டுக் கைப்பிடி பட்டென்று முறிந்து, மேஜைக்கு அடியில் எங்கோ போய்விட்டது. வீடு பெருக்கும்போதுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் செம்புக் கம்பியை வளைத்து ஒட்டினேன்.

இரண்டாவது, தின்னர். தமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-2 மாதிரியான வெள்ளையை லாக்கர் தின்னரில் கரைத்தால் அது கீழே நன்றாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற வேலைக்கு அது நல்ல குணம், இங்கே வேண்டாத குணம். அதே கம்பெனியின் எக்ஸ்-20ஏ தின்னரிலோ, இன்னும் லேசாக உரிய வேண்டுமென்றால் தண்ணீரிலோ கரையுங்கள்.

மூன்றாவது, வெள்ளையின் கனம். அடி நிறம் முழுக்க மறையும்வரை அடித்துக்கொண்டே போகிறோம். மறைய வேண்டியதே இல்லை. கை மேலே போட்டு மெழுகிய சுண்ணாம்பில் அடியில் இருப்பது லேசாகத் தெரியத்தான் செய்யும்.

ஏற்கனவே இறுகிப்போனதற்கு என்ன செய்வது? வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து ஒரு சிறு பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தண்ணீரோடு கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது வெள்ளையையே கரைக்க ஆரம்பிக்கும், அடியில் வார்னிஷ் இல்லையென்றால் அடி நிறத்தையும் சேர்த்துக் கரைக்கும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு மேலே வாருங்கள்.

தகடு தகடாக உரிந்து வருகிறது

முந்தையதற்கு நேர் எதிர். பிரஷ் பட்டதும் வெள்ளை தோல் மாதிரிச் சுருண்டு, கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டாக வந்துவிடுகிறது. ஹேர்ஸ்பிரே அதிகம், அல்லது தண்ணீர் அதிகம், அல்லது நீங்கள் போட்ட வெள்ளை ரப்பர் போன்ற படலமாகக் காயும் வகை. சொட்டு மருந்து மாதிரிப் புட்டியில் வரும் தண்ணீர் சார்ந்த வினைல் அக்ரிலிக்குகள் பல அப்படித்தான். அவை பொடிப்பொடியாக உதிராது, ஏடு ஏடாகக் கிழியும்.

ஹேர்ஸ்பிரேயை ஓர் அடி தள்ளி நின்று லேசாக இரண்டு கோட், இடையில் பத்து நிமிடம். அவ்வளவு போதும். கேனிலிருந்து நேராக அடித்தால் பெரிய துளிகள் விழுந்து சில இடங்களில் குளம் கட்டும், அந்தக் குளங்கள்தான் பிறகு தகடாக வருபவை. ஒரு மூடியில் பீய்ச்சி எடுத்து ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) விட்டு அடித்தால் சீராக விழும். பளபளப்புக்காக எண்ணெய், சீரம் சேர்த்த ஹேர்ஸ்பிரே வேண்டாம், அதன்மேல் வெள்ளை மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். கடையில் இருப்பதிலேயே மலிவானது, முடியை முள்ளாக நிறுத்துவது எதுவோ அதுதான் நமக்கு.

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே தண்ணீர். ஹேர்ஸ்பிரே பத்து நிமிடத்தில் காயாது, தொட்டால் பிசுபிசுக்கும், அந்த நிலையில் வெள்ளை போட்டால் ஏறுமாறாகத்தான் உரியும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்துக் காயவைத்துவிட்டு மேலே போங்கள். பிளாஸ்டிக் குழைந்துவிடும் அளவுக்குச் சூடு வேண்டாம்.

உரிந்துபோன பெரிய ஓட்டையை என்ன செய்வது? திரும்ப ஏர்பிரஷ் எடுக்காதீர்கள். ஒரு துணுக்கு ஸ்பாஞ்சில் வெள்ளை தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியை ஒற்றி எடுத்துவிட்டு, ஓட்டையின் ஓரங்களில் மட்டும் குத்துங்கள். நேர்கோடாகக் கிழிந்த ஓரம் பொடிந்தது மாதிரி மாறிவிடும்.

வெள்ளையோடு அடி நிறமும் வந்துவிட்டது, பிளாஸ்டிக் தெரிகிறது

அடியில் வார்னிஷ் போடவில்லை, அல்லது போட்டதை ஒரு நாள் காயவிடவில்லை. சில சமயம் பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமரே பிடித்திருக்காது, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் ஆரம்பித்திருப்பீர்கள். மூலை முனைகளில் கடுகளவு தெரிந்தால் கருஞ்சாம்பலும் பழுப்பும் கலந்து தொட்டுவிட்டு, இரும்பு தெரிகிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். பெரிய பரப்பில் என்றால் அந்தப் பகுதிக்கு அடி நிறத்தைத் திரும்பப் போட்டு ஆரம்பத்திலிருந்து வருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வெள்ளை மணல் மணலாக இருக்கிறது

பெயின்ட் டாங்கியில் போய் விழுவதற்கு முன்னாலேயே காற்றில் காய்ந்துவிடுகிறது. அழுத்தம் அதிகம், தூரம் அதிகம், பெயின்ட் கெட்டி. ஒரு பங்கு பெயின்டுக்கு இரண்டு பங்கு தின்னர், 15 பிஎஸ்ஐ அழுத்தம், நாலைந்து சென்டிமீட்டர் தூரம், அப்புறம் பொறுமை. ஒரே கோட்டில் மூடப் பார்க்காமல் ஐந்தாறு மெல்லிய கோட்டாகப் போடுங்கள். வெள்ளைதான் டப்பாவிலேயே பிடிவாதமான நிறம்.

சுண்ணாம்பு அடித்த சுவர்கூட ஈரத்தில் சாம்பல் நிறமாக, அடிக்கவே இல்லையோ என்கிற மாதிரித்தான் தெரியும், சாயங்காலம் வந்து பார்த்தால் பளீரென்று இருக்கும். மெல்லிய வெள்ளையும் அப்படித்தான், ஈரத்தில் பார்த்துவிட்டு இன்னொரு கோட் என்று கையை நீட்டாதீர்கள். ஏற்கனவே மணலாகிவிட்டது என்றால், கரடுமுரடான பழைய பருத்தித் துணியால் உலர்வாகவே தேய்த்துப் பாருங்கள், பாதி போய்விடும். மீதி இருப்பதை நான் அப்படியே விட்டுவிடுவேன், சாக்பீஸ் பொடி பூசியது கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கும்.

எல்லாம் சரியாக வந்தது, ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது

சிக்கல் வெள்ளை ரொம்ப வெள்ளையாக இருப்பது. பனிக்கால யுத்தப் புகைப்படங்களைப் பாருங்கள், பனிக்குப் பக்கத்தில் டாங்கி எப்போதும் ஒரு சாயல் அழுக்காகத்தான் நிற்கும். எக்ஸ்எஃப்-2 வெள்ளையில் எக்ஸ்எஃப்-57 பஃப் ஒரு துளி, அல்லது எக்ஸ்எஃப்-55 டெக் டான் ஒரு துளி கலந்தே ஆரம்பியுங்கள். சுத்த வெள்ளையைக் கடைசியில் மேல்நோக்கிய பரப்புகளில் மட்டும் அங்கங்கே தெளித்தால் போதும். ஏற்கனவே சுத்த வெள்ளையாக முடித்துவிட்டவர்கள் வார்னிஷ் போட்டுவிட்டு, ஆயில் பெயின்டில் மங்கிய காவி, சாம்பல், வெளிர்பச்சை என்று சிறு புள்ளிகள் வைத்து, தின்னர் தொட்ட அகலமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். புள்ளி காணாமல் போய்ச் சாயல் மட்டும் நிற்கவேண்டும்.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, சிறுத்தைப் புலி போல

இங்கேதான் பாட்டியின் சுவர். உரிக்க ஆரம்பித்ததும் கை பாட்டுக்குப் போகிறது, இடப்பக்கம் ஒரு திட்டு, வலப்பக்கம் அதற்குச் சமமாக ஒரு திட்டு. நிறுத்திவிட்டு, இந்த வண்டியில் யார் எங்கே ஏறுகிறார்கள் என்று யோசியுங்கள்.

டி-34ஐ எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரின் கதவு முன்பக்கச் சரிவுத் தகட்டிலேயே இருக்கிறது, அந்த ஆள் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார். அதனால் கதவைச் சுற்றியும் அதற்குக் கீழே பூட்ஸ் படும் இடத்திலும் பச்சை நன்றாகத் தெரியவேண்டும். முன்பக்கத்தின் மறு ஓரத்தை யாரும் தொடுவதில்லை, அங்கே வெள்ளை அப்படியே கிடக்கலாம். பின்பக்க எஞ்சின் மேல்தளத்தில் காலாட்படை வீரர்கள் ஏறி உட்கார்ந்து போவார்கள், குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும், பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கைப்பிடிகள். அப்படியானால் எஞ்சின் தளம், டரட்டின் பின் பாதி, கைப்பிடியைச் சுற்றி ஒரு விரல் அகலம், இவையெல்லாம் தேய்ந்திருக்கும். எரிபொருள் ஊற்றும் மூடியைச் சுற்றி டீசல் வழிந்து வெள்ளை கரைந்து, கருத்த கறை கீழே இறங்கியிருக்கும். சக்கரங்களில் வெள்ளை அரை நாள்கூடத் தாங்காது, அதற்கு மெனக்கெடவே வேண்டாம், சேறு பார்த்துக்கொள்ளும்.

ஜெர்மனியின் டைகர் டாங்கி என்றால் கணக்கு வேறு. உள்ளே ஐந்து பேர், மேலே கமாண்டர் எட்டிப் பார்க்கும் குமிழைச் சுற்றியும் முன்தளத்தில் இருக்கும் இரண்டு கதவுகளைச் சுற்றியும் தேயும். டரட்டின் பக்கவாட்டுச் சுவர் நெட்டுக்குத்தாக இருப்பதால் யாரும் அதன்மேல் நடப்பதில்லை, அங்கே மழைநீரும் உருகிய பனியும் இழுத்த கோடுகள்தான் இருக்கவேண்டும், திட்டுகள் இல்லை.

இன்னொரு கேள்வி, பூசி எத்தனை நாள் ஆயிற்று? ஆர்டென் காட்டில் ஜெர்மன் தாக்குதல் 1944 டிசம்பர் 16 அன்று ஆரம்பித்தது. அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளுக்குப் பெருமளவில் வெள்ளை பூசியது அதற்குப் பிறகு, 1945 ஜனவரியை ஒட்டி. ஆகவே ஜனவரி நடுவில் நிற்கும் ஷெர்மனில் பாதி வெள்ளை போயிருந்தால் கொஞ்சம் இடிக்கும், அதில் அவசரப் பூச்சின் ஒழுங்கின்மை தெரிந்தால் பொருத்தம். 1943 மார்ச்சில் கார்கிவ் பக்கம் நிற்கும் வண்டி என்றால் நேர்மாறு, பனி உருகிச் சேறாகும் காலம், வெள்ளையில் கால்வாசி மிஞ்சியிருந்தாலே அதிகம். குறைவாக உரித்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். போனதைத் திரும்ப வைப்பதுதான் வம்பு.

பிரஷ்ஷால் பூசினேன், வண்டி பெரிய பொம்மைக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது

கோட்டின் அகலம் பிசகியிருக்கிறது. பத்து சென்டிமீட்டர் அகலப் பிரஷ்ஷால் ஒருவர் இழுத்த கோடு 1/35 அளவில் 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, 1/72 அளவில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அந்த அகலத்துக்கு ஒரு பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தையும் பாருங்கள், ஒரு மனிதன் நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரம்தான் ஒரு இழுப்பு, டாங்கியின் முழு நீளத்துக்கும் ஒரே கோடு போக வாய்ப்பில்லை. இதற்கு நான் பயன்படுத்துவது தண்ணீரில் கரையும் ஓவிய வண்ணமான குவாஷ் வெள்ளை. காய்ந்த பிறகும் ஈரப் பிரஷ் பட்டால் கரையும் என்பதால் பிடிக்காததைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஆனால் மேலே வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷால் பூசினால் மொத்தமும் கலங்கிவிடும், ஸ்பிரேதான் போடவேண்டும், அதுவும் முதல் கோட் பனி படிவது மாதிரி மெல்லிதாக.

சிலுவையும் டரட் எண்ணும் வெள்ளைக்கு மேல் பளிச்சென்று உட்கார்ந்திருக்கின்றன

டீகாலை, அதாவது சிலுவை, எண் அச்சிட்ட ஒட்டுப்படத்தை, வெள்ளை அடித்த பிறகு ஒட்டியிருக்கிறீர்கள். நிஜத்தில் பல ஜெர்மன் வண்டிகளில் சிலுவையையும் எண்ணையும் விட்டுச் சுற்றிப் பூசினார்கள், அதனால் அவற்றைச் சுற்றி அடி நிறம் ஒழுங்கற்ற ஒரு பெட்டியாகத் தெரியும். டீகாலை அடி நிறத்தின்மேல் ஒட்டி, வார்னிஷ் போட்டு, அதன்மேல் சின்ன மாஸ்கிங் டேப் துண்டை வைத்துவிட்டு ஹேர்ஸ்பிரேயும் வெள்ளையும் அடியுங்கள். டேப்பை எடுத்ததும் கத்தியால் வெட்டிய சதுரம் தெரியும். அதை அப்படியே விட்டால் அசிங்கம், குறைந்தபட்சம் நாலு ஓரத்தையும் பிரஷ்ஷால் கோணலாக்கிவிடுங்கள். ஏற்கனவே மேலே ஒட்டி முடித்தவர்கள் அடி நிறத்தைச் சன்னமான பிரஷ்ஷில் எடுத்துச் சிலுவையைச் சுற்றித் தீட்டிவிடலாம், நான் இரண்டு முறை அப்படித் தப்பித்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடி நிறமே தப்பு என்று யாரோ சொல்கிறார்கள்

சொல்கிறவர் சரியாக இருக்கலாம். 1941-42 குளிர்காலத்து ஜெர்மன் வண்டிக்கு அடியில் கருஞ்சாம்பல். 1943 பிப்ரவரியில் அடி நிறத்தை அடர் மஞ்சளாக மாற்ற உத்தரவு வந்தது. பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி முதன்முதலில் சண்டையில் இறங்கியது 1943 ஜூலையில், கூர்ஸ்க்கில். எனவே பாந்தரில் வெள்ளை உரிந்து சாம்பல் நிறம் தெரிந்தால் தப்பு. 1943-44 குளிர்காலம் என்றால் காந்த வெடி ஒட்டாமல் இருக்கத் தடவிய சிம்மரிட் பூச்சும் சேர்ந்துகொள்ளும், வரிவரியான அந்தக் களிம்புமேல் வெள்ளை மேடுகளில் தேய்ந்து பள்ளங்களில் தங்கும். உரித்து முடித்த பிறகு தெரியவந்தால் திறந்து கிடக்கும் திட்டுகளுக்கு மட்டும் சரியான நிறத்தை மெல்லிய பிரஷ்ஷால் நிரப்பலாம். எரிச்சலான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

வாஷ் போட்டதும் காபி கொட்டிய மேஜைத் துணி மாதிரி ஆகிவிட்டது

மேட், அதாவது பளபளப்பில்லாத வெள்ளை உறிஞ்சுதாள் மாதிரி. அதன்மேல் பழுப்பு வாஷை (மிகவும் நீர்க்கக் கரைத்த பெயின்ட்) நேரடியாக ஊற்றினால் குடித்துவிட்டு ஓரத்தில் வளையம் விட்டுவிடும். வெள்ளை உரித்து முடித்து ஓர் இரவு காயவிட்டு, பாதிப் பளபளப்பான சாட்டின் வார்னிஷ் ஒரு கோட் போடுங்கள். இது இன்னொன்றுக்கும் அவசியம், அடியில் இன்னும் ஹேர்ஸ்பிரே இருக்கிறது, தண்ணீர் பட்டால் அது திரும்ப இளகும். பிறகு எனாமல் அல்லது ஆயில் வாஷை மொத்தமாகப் பூசாமல், தகடுகள் சேரும் இடத்திலும் ஆணித்தலையைச் சுற்றியும் மட்டும் பிரஷ் நுனியால் தொட்டு ஓடவிடுங்கள். கறுப்பு வேண்டாம், சாம்பல் கலந்த பழுப்பு. கறை ஏற்கனவே விழுந்திருந்தால், மணமற்ற தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டித் தட்டி எடுங்கள். அன்றே செய்தால் முக்கால்வாசி போகும். போகாத கால்வாசியைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் துரு வழிந்ததாகிவிடும்.

ஆறு மாதம் கழித்து வெள்ளை மஞ்சளாகிவிட்டது

ஆயில் பெயின்டில் வெள்ளை போட்டிருந்தால் அதில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய்தான் காரணம், அது நாளாக ஆக மஞ்சளிக்கும். ட்யூபிலிருந்து பிதுக்கியதை ஓர் அட்டைத் துண்டில் அரை மணி நேரம் வைத்தால் எண்ணெயை அட்டை குடித்துவிடும், அதற்குப் பிறகு எடுத்துப் பயன்படுத்துங்கள், சீக்கிரம் காயும், மேட்டாகவும் காயும். அக்ரிலிக் போட்டும் மஞ்சளானது என்றால் வார்னிஷ்ஷைச் சந்தேகியுங்கள். என் அலமாரியில் ஒரு ஷெர்மன் இப்படி மஞ்சளித்து நிற்கிறது. முதலில் வருத்தமாக இருந்தது, இப்போது அதுதான் இருப்பதிலேயே சுண்ணாம்பு மாதிரித் தெரிகிறது, தொடவில்லை.

கடைசி வார்னிஷ் போட்டதும் உரிந்த இடங்களில் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது

வெள்ளையில் தெரியாது, அடி நிறம் தெரியும் திட்டுகளில் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். ஈரக் காற்றில் லாக்கர் மேட் ஸ்பிரே அடித்ததன் பலன். பயப்படவேண்டாம், வெயில் அடிக்கும் ஒரு நாள் பார்த்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ்ஷை மெல்லிதாக அடித்தால் அநேகமாகத் தெளிந்துவிடும், காய்ந்த பிறகு திரும்ப மேட் போடுங்கள். நான் மழைக்காலத்தில் கேனைத் தொடுவதே இல்லை, அந்த இரண்டு மாதமும் செயின் கண்ணிகளை ஒட்டிக்கொண்டிருப்பேன், டி-34க்கு அதுவே சரியாக இருக்கும்.